மாப்பிள்ளையின் இரண்டு கைகள்

தங்கை கணவரின் இரண்டு கைகளுக்கும் காப்பீட்டுக் கம்பெனி போட்டிருந்த விலை, நாலு வருஷம் ஓடிய ஒரு நடுத்தரக் காரின் விலை. வலது கைக்கு ஒரு தொகை. இடது கைக்கு அதில் கொஞ்சம் தள்ளுபடி. படிவத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவர் தராசு. போடுவதற்கு முன்னால் முகவரைப் பார்த்து, “இடது கை என்ன, கழிச்சுப்போட்ட சரக்கா?” என்று கேட்டார்.

“அதால எழுத மாட்டாரே சார்.”

“அவர் எழுதிப் பிழைக்கிற ஆள் இல்லைங்க. தலைமுடி பருமன்கூட தேறாத கண்ணாடி இழையை ஒட்டிப் பிழைக்கிறவர். அந்த வேலையில ரெண்டு கையும் சரிபங்கு.”

முகவர் சிரித்தார். தொகையை மாற்றவில்லை. தராசும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதெல்லாம் சண்டைக்கு முந்தைய காலம்.

தராசு என்பது பட்டப்பெயர். துணிக்கடையும் பாத்திரக்கடையுமாக மூன்று தலைமுறை கல்லாவில் உட்கார்ந்த குடும்பத்தில் பிறந்து, தப்பித்து, மின் பொறியாளர் ஆனவர். தப்பித்தார் என்பதும் பேச்சுக்குத்தான். எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்ல மாட்டார். கண்ணை இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை ஓட்டி, முள் நேராக நின்ற பிறகுதான் வாயைத் திறப்பார்.

அவருடைய வேலை கரை நிலையத்தில். ஜன்னல் ஒன்றே ஒன்று உள்ள நீள அறை. குளிரூட்டி ஓயாமல் முனகும். சுவரோரம் ஆளுயரத்துக்குச் சாம்பல் நிற மின் அலமாரி. அதன் அடியிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு கேபிள் கிளம்பி, தரையைத் துளைத்து, மணலுக்கடியில் போய், கடலில் இறங்கி, எண்பது கிலோமீட்டர் தள்ளி ஆழ்கடல் தரையில் முடியப்போகிறது. முடியும் இடத்தில் டைட்டானியத்தில் ஒரு பெட்டி உட்காரும். அதோடு நிலநடுக்கமானி, நீரழுத்தமானி, கேமரா, தண்ணீருக்குள் ஒலி கேட்கும் கருவி ஆகியவை சேரும். இதுதான் ஆய்வுக்கூடம். சுவரும் இல்லை, கூரையும் இல்லை, உள்ளே ஆளும் இல்லை. கேபிள் வழியாக மின்சாரம் போகும், அதே வழியாகச் செய்தி வரும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எந்தக் கருவியும் சாக்குச் சொல்ல முடியாது.

மின்சாரம் போவது கேபிள் வழியாக என்றால், திரும்புவது கடல் வழியாக. கடல் தண்ணீரே திரும்பும் கம்பி. ‘சரக்கு கேபிள் வழியா போகும், பணம் கடல் வழியா வரும்’ என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தராசு விளக்குவார். போகிற சரக்கு பல ஆயிரம் வோல்ட் என்பதைக் கடைசியில்தான் சொல்வார்.

மாப்பிள்ளை இருப்பது அதே கேபிளின் மறுமுனையில், கப்பலில். அவர் ஜாயின்டர். கேபிள் துண்டுகளை ஒன்றோடு ஒன்று, இழைக்கு இழை, செம்புக்குச் செம்பு ஒட்டி மூடுகிற ஆள். கையுறை போட்டால் இழை தெரியாது என்று வெறுங்கையோடு வேலை செய்வார். அவரைப் பார்த்துப் பிடித்துப்போய், வீட்டுக்கு அழைத்து வந்து, தங்கைக்குப் பேசி முடித்ததே தராசுதான். ‘நானே தேர்ந்தெடுத்த சரக்கு’ என்று பல வருஷம் பெருமை பேசினார்.

சண்டை நடந்தது தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். யாரோ வேலையைப் பற்றிக் கேட்டார்கள். மாப்பிள்ளை தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “மச்சானுக்கென்ன. கரையில உக்காந்து சுவிட்ச் போடற வேலை. வீட்ல ஃபேன் போடற எல்லாருக்கும் அந்த அனுபவம் இருக்கு.”

பிள்ளைகள் சிரித்தார்கள். தராசுக்கு அதுதான் சுருக்கென்றது. “ஒயரை ஒட்டறது மட்டும் பெரிய வித்தையா மாப்ள? எங்க வீட்டு இஸ்திரிப் பெட்டியை ஒட்டித் தரேன்னு எடுத்துட்டுப் போனீங்க. மூணு மாசமா சட்டையெல்லாம் கசங்கிக் கிடக்கு.”

பிள்ளைகள் அதற்கும் சிரித்தார்கள். இஸ்திரிப் பெட்டி மறுநாளே வந்து சேர்ந்தது. ஆள் வரவில்லை. பேச்சும் அன்றோடு நின்றது.

வீட்டில் பேசாமல் இருப்பது எளிது. கேபிளின் இரண்டு முனையில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பதுதான் வம்பு. ஏனென்றால் இந்தத் தொழிலின் முதல் விதியே பேச்சில்தான் இருக்கிறது. கப்பலில் ஒருவர் கேபிளைத் தொட வேண்டுமென்றால் கரையில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மட்டும் போதாது. நீளக் கேபிள், நிறுத்திய பிறகும் கொஞ்சம் சரக்கைப் பதுக்கி வைத்திருக்கும். அதையும் பூமியில் இறக்கிக் காலி செய்ய வேண்டும். பிறகு அலமாரியைப் பூட்டி, பித்தளைச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கப்பலை அழைத்து, “கேபிள் உங்க கையில” என்று சொல்ல வேண்டும். தொடப்போகிறவர், “கேபிள் என் கையில” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து எல்லாரும் விலகிய பின் இதே பேச்சு தலைகீழாக நடக்கும். தொட்டவர் தன் வாயால் திருப்பிக் கொடுக்கும் வரை சாவி கழுத்தை விட்டு இறங்கக் கூடாது. கேப்டன் சொன்னாலும் செல்லாது.

இந்தப் பயணத்தின் முதல் வேலையன்று தராசு கப்பலை அழைத்தபோது, மாப்பிள்ளையின் குரலுக்குப் பதில் கப்பலின் இரண்டாம் அதிகாரியின் குரல் வந்தது. எதையும் சட்டென்று முடிக்கப் பார்க்கும் பெண்.

“ஜாயின்டர் பக்கத்துலதான் இருக்கார் சார். கேபிள் அவர் கையிலன்னு சொல்லச் சொன்னார்.”

“பக்கத்துல இருந்தா அவரே சொல்லலாமே.”

“வாய்க்கு வேற வேலை இருக்காம் சார்.”

தராசு நிறுத்துப் பார்த்தார். ஒரு தட்டில் விதி. மறு தட்டில், அந்தக் குரலைக் கேட்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. நிம்மதி கனத்தது. “சரி” என்றார்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மூன்று வாரத்தில் மூன்று வேலை. வாங்கியதும் கொடுத்ததும் எல்லாம் இரண்டாம் அதிகாரியின் வாய் வழியாக. விதியை மீறுகிறோம் என்று மூவருக்கும் தெரியும். மூவரில் இருவருக்கு அது வசதி. மூன்றாமவருக்கு அது வேடிக்கை.

இன்று கடைசி வேலை. காலையில் கேபிள் வழக்கம்போல ஆள் வைத்துக் கை மாறியது. கேபிளின் முனையையும் பெட்டியையும் கப்பலின் மேல்தளத்தில் சேர்த்து ஒட்டி, அங்கேயே ஒரு முறை மின்சாரம் கொடுத்து, கருவிகள் எல்லாம் விழிக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கடலில் இறக்க வேண்டும். பெட்டி மேல்தளத்தில் இருக்கும்போது அதற்குக் கடலோடு தொடர்பு கிடையாது. அதனால் திரும்பும் மின்சாரத்துக்காக ஒரு தடித்த செம்புக் கம்பியைப் பெட்டியின் பின்பக்கம் கவ்வ வைத்து, மறுமுனையைக் கப்பலோரமாகக் கடலில் தொங்கவிட்டிருந்தார்கள்.

மேற்கே காற்று திரண்டுகொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் பெட்டி இறங்காவிட்டால் கேபிளை வெட்டி, முனையில் மிதவை கட்டிப் போட்டுவிட்டுக் கப்பல் ஒதுங்க வேண்டும் என்று கேப்டன் சொல்லிவிட்டார். அடுத்து அந்தக் கப்பல் கிடைக்க ஒரு வருஷம் ஆகும். திட்டத் தலைவியான பேராசிரியை காலையிலிருந்து நாற்காலியில் உட்காரவில்லை. பாதி வாழ்க்கையை இந்தப் பெட்டிக்கு நன்கொடை கேட்டே கழித்தவர். ஜன்னலுக்கும் திரைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். நடையில் செருப்பு ஒரு பக்கம் மட்டும் கீச்சிட்டது.

மத்தியானம் தராசின் கைபேசி அடித்தது. தங்கை. அவள் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். பின்னால் யாரோ இருமுவது கேட்டது.

“அண்ணா, காத்து வருதுன்னு செய்தியில சொல்றாங்க. அவருக்கு ஃபோனே போகல. எப்படி இருக்கார்?”

“நல்லாத்தான் இருக்காராம்.”

“இருக்காராம்னா?”

“அந்த அதிகாரியம்மா சொன்னாங்க.”

“குரல் எப்படி இருந்துச்சு? ஜலதோஷம் வந்தா அவருக்கு மூக்குலயே பேச்சு வரும்.”

தராசு கண்ணை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டினார். தங்கைக்கு அந்த அமைதி பிறந்ததிலிருந்து பழக்கம்.

“அண்ணா, மூணு வாரமா நீ அவர் குரலையே கேக்கலையா?”

“வேலை நடக்குதும்மா. நடுவுல ஆள் இருக்கு.”

“சுவிட்ச் போடறவன்னு சொன்னதுக்கா இவ்வளவும்?” அவள் குரலைத் தாழ்த்தினாள். கடையில் ஆள் இருக்கிறார்கள். “இங்க ஒருத்தர் வந்து, டாக்டர் ஃபோன்ல சொல்லிட்டார், இந்த மாத்திரையைக் குடுன்னு நிக்கறார். நான் டாக்டர்கிட்ட பேசாம குடுத்துடுவேனா? நீ குடுக்கறது மாத்திரைகூட இல்ல.” இருமல் நெருங்கி வந்தது. “வெச்சுடறேன்.”

தராசு கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். கழுத்துச் சாவி சட்டைக்குள் ஒட்டியிருந்தது. வியர்வைக்கு அந்தக் குளிர் அறையில் வேலையே இல்லை. ஆனாலும் வியர்த்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் கப்பல் தொலைபேசி அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டார். காற்று இரைந்தது. அதற்கு மேலாக இரண்டாம் அதிகாரி.

“ஒட்டு முடிஞ்சது சார். ஒட்டுக்குள்ள எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாச்சு, சுத்தம். எல்லாரும் விலகியாச்சு. குடுக்கலாம்.”

“அப்பாடா” என்று பேராசிரியை அன்று முதன்முறையாக உட்கார்ந்தார்.

தராசின் கை பழக்கத்தில் சாவியைக் கழுத்திலிருந்து கழற்றித் துளையில் நுழைத்துவிட்டது. பாதி திருப்பினால் பூட்டு விடும். அங்கேயே கை நின்றது.

“ஜாயின்டர் எங்கே?” என்று கேட்டார்.

“இங்கதான் எங்கயோ இருக்கார் சார். ஒட்டு முடிஞ்சது, அந்த ஆளுகிட்ட சொல்லிடுன்னார்.”

“முடிஞ்சதுன்னாரா, குடுக்கலாம்னாரா?”

காற்று இரைந்தது. “ரெண்டும் ஒன்னுதானே சார்.”

“எங்க கடையில ரெண்டும் வேற. லைன்ல வரச் சொல்லுங்க.”

“சார், மூணு வாரமா அவர் வர மாட்டார், நீங்களும் கூப்பிட மாட்டீங்க. இப்பதான் உங்களுக்குப் பாசம் வரணுமா? இங்க தளம் ஆடுது.”

“தொட்டவர் வாய்தான் திருப்பிக் குடுக்கணும்மா.”

“காலையில வாங்கினது என் வாய்தானே சார். அப்ப செல்லுபடி ஆச்சு.”

அவள் சொன்னது கணக்குப்படி சரி. சரியாக இருந்ததுதான் சிக்கல். சாவியை வெளியே எடுத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளத் தோன்றாமல் உள்ளங்கையில் பொத்திப் பிடித்தார்.

பேராசிரியை எழுந்து வந்தார். “தராசு சார், என்ன இது?”

“குரல் கேக்கணும் மேடம்.”

“இத்தனை நாள் கேக்கலையே.”

“அதனாலதான்.”

“கேப்டன் குடுத்த நேரம் ஓடிட்டிருக்கு. சோதனை ஒரு மணி நேரம், இறக்கறது நாலு மணி நேரம். இப்ப ஆரம்பிச்சாலே இழுபறி.” அவர் கோபமாகப் பேசவில்லை. கெஞ்சினார். அது இன்னும் மோசம். “உங்க குடும்பச் சண்டைக்கு என் பெட்டியை ஒரு வருஷம் அடகு வைக்காதீங்க.”

“ஏற்கெனவே வெச்சுட்டேன் மேடம். இப்ப மீட்கப் பாக்கறேன்.” ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்தார். “அம்மா, அவரைத் தேடுங்க. கூட்டிட்டு வாங்க. அவர் பேசற வரைக்கும் சாவி என் கையை விட்டுப் போகாது.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சும், தொலைபேசியை மேஜையில் வைக்கும் சத்தமும் கேட்டன. இணைப்பு திறந்தே கிடந்தது.

அதன் பிறகு அறையில் நடந்தது ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்க முடியும் என்று தராசுக்குத் தெரியாது. காற்று. சங்கிலி ஒன்று இரும்பில் மோதுவது. தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவது; பதில் வராதது. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு கேபினில் படுத்திருப்பார் என்று நினைத்தார். அப்படியானால் தான் இன்று ஒரு வருஷத்தைத் தொலைத்த முட்டாள். இல்லையென்றால், என்று தொடங்கிய மறு தட்டை அவர் பார்க்க விரும்பவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. சாவியின் பற்கள் உள்ளங்கையில் பதிந்தன.

பேராசிரியை ஜன்னலோரம் நின்று வானத்தைப் பார்த்தார். செருப்புகூடக் கீச்சிடவில்லை.

இணைப்பு விட்டுப்போனது. தராசு மறுபடி அழைத்தார். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார்.

யாரோ எடுத்தார்கள். மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. பிறகு இரண்டாம் அதிகாரியின் குரல். அவசரம் முழுக்க வடிந்த குரல்.

“சார். அவர் பெட்டிக்குப் பின்னால இருந்தார்.”

“சொல்லுங்க.”

“கப்பல் ஆட்டத்துல கடலுக்குப் போற கம்பி கழண்டுடுச்சு. கவ்வி கீழ கிடந்திருக்கு. மாட்டறேன்னு போயிருக்கார். ஒரு கையில பெட்டி முனை, ஒரு கையில கம்பி. ரெண்டும் வெறுங்கை.” அவள் நிறுத்தினாள். “நான் எண்ணிப் பாத்தேன்னு நினைச்சேன் சார். எல்லாரும் விலகிட்டாங்கன்னு நினைச்சேன்.”

தராசு நாற்காலியைத் தேடினார். சரக்கு போயிருந்தால், திரும்பி வரக் கம்பி இல்லை. கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மாப்பிள்ளை இருந்தார். இடது கையிலிருந்து வலது கைக்கு, நடுவில் நெஞ்சு. இதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு விளக்குகிறவரே அவர்தான்.

பேராசிரியை அவர் பின்னால் நாற்காலியைத் தள்ளினார். மேஜையிலிருந்த தண்ணீர்க் குவளையை எடுத்துக் கொடுத்தார். அது பேராசிரியையே குடித்து மிச்சம் வைத்த தண்ணீர்; இருவருமே கவனிக்கவில்லை.

“கம்பி மாட்டியாச்சா?” என்று தராசு கேட்டார்.

“மாட்டி, இழுத்தும் பாத்தாச்சு சார். அவர் வரார்.”

காற்று. காலடி. பிறகு மூக்கிலேயே வரும் ஒரு குரல். ஜலதோஷம்தான்.

“சொல்லுங்க.”

“மாப்ள.” தராசு குவளையைக் கீழே வைத்தார். “கை எங்க இருக்கு?”

“ஃபோன்ல.”

“ரெண்டுமா?”

“ஒன்னு ஃபோன்ல. ஒன்னு பாக்கெட்ல.” அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். “அந்தம்மா வந்து இழுத்தப்ப கோவம் வந்துச்சு. கம்பி மாட்டறதுக்குள்ள என்ன அவசரம்னேன். எப்படியும் நான் பேசாம நீங்க குடுக்க மாட்டீங்க. அதை நம்பித்தான் போனேன்.”

“இதுக்கு முன்னாடி நீங்க பேசாமயே குடுத்திருக்கேனே.”

சங்கிலி இரும்பில் மோதியது.

“ஆமா” என்றார் மாப்பிள்ளை. “அந்தம்மா முகத்தைப் பாத்த அப்புறம்தான் அது ஞாபகம் வந்துச்சு.”

“எல்லாரையும் விலக்குங்க. நீங்களே எண்ணுங்க. தலையை இல்ல, கையை எண்ணுங்க.”

மாப்பிள்ளை எண்ணப் போனார். இம்முறை காத்திருப்பது அவ்வளவு கடினமாக இல்லை. தூரத்தில் அந்த மூக்கடைத்த குரல் ஒவ்வொருவரையும் கையைத் தூக்கச் சொல்லி அதட்டுவது கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்தார்.

“எல்லாரும் கோட்டுக்கு வெளிய. கம்பி கடல்ல. கேபிள் உங்க கையில, மச்சான்.”

மச்சான் என்பது விதிப் புத்தகத்தில் இல்லாத வார்த்தை. சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதுதான் புத்தகம்.

“கேபிள் என் கையில, மாப்ள.”

சாவி நுழைந்தது. இரண்டாவது முயற்சியில். மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். ஒவ்வொரு படியிலும் நின்று, ஒலிபெருக்கியில் மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சுவதைக் கேட்ட பிறகுதான் அடுத்த படி. பேராசிரியை ஒரு முறைகூட அவசரப்படுத்தவில்லை. நிலநடுக்கமானி விழித்தது. அழுத்தமானி விழித்தது. கேமரா விழித்து, ஈரமான தளத்தையும் ஒரு பழைய பூட்ஸையும் காட்டியது. ஒலிக்கருவி கடைசியாக விழித்து, அறை முழுக்கக் கப்பலின் இரைச்சலை நிரப்பியது.

மின்சாரத்தை நிறுத்தியதும், கம்பியைக் கழற்றிப் பெட்டியை இறக்கக் கேபிள் மறுபடி கப்பலுக்குக் கை மாறியது, இம்முறையும் அந்தக் குரலோடு. காற்று முந்திக்கொண்டது. பெட்டி பாதி ஆழம் போனபோதே கப்பல் ஆடத் தொடங்கிவிட்டது. தரை தொட்டது, கேபிள் உங்க கையில என்று அதே குரல் சொன்னபோது ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. கேமராவில் சேறு கலங்கி, மெல்லத் தெளிந்து, எதுவுமே இல்லாத ஒரு தரை தெரிந்தது. பேராசிரியை அதைப் பார்த்து அழுதார். அவ்வளவு அழகான ஒன்றுமில்லாததைத் தராசும் பார்த்ததில்லை.

கப்பல் கிளம்பும் முன் தொலைபேசி அடித்தது. இந்த முறை நேராகவே அந்த மூக்குக் குரல்.

“அவகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்ல. ரெண்டு தடவை கூப்பிட்டா. எடுக்கல.”

“சொல்லாதீங்க மச்சான்.”

“சொல்லாம இருந்தா, அதையும் ஆள் வெச்சுப் பேசின மாதிரிதான் மாப்ள. நீங்க வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோம். திட்டு சரிபங்கு.”

“இடது கைக்குத் தள்ளுபடி உண்டா?” என்று கேட்டார் மாப்பிள்ளை. தராசுக்குச் சிரிப்பு வரவில்லை. அது அந்தப் பக்கத்துக்கும் தெரிந்தது. “சரி, வரேன்” என்று வைத்துவிட்டார்.

தராசு அலமாரி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் சாவியின் பற்கள் போட்ட தடம் இன்னும் மறையவில்லை. கல்லாக் குடும்பத்தில் பிறந்தவர், நாள் முடிவில் கூட்டிப் பார்க்காமல் எழ முடியாது.

மூன்று வாரத்தில் கேபிள் கை மாறியது பத்துத் தடவை. குரலோடு மாறியது மூன்று. ஆள் வைத்து மாறியது ஏழு. அந்த ஏழிலும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதை வரவில் வைக்க மனம் ஒப்பவில்லை, அது அவர் சம்பாதித்தது இல்லை. இருப்பு: வலது கை ஒன்று, இடது கை ஒன்று, இரண்டும் முழு விலைக்கு. பாக்கி: ஏழு.